மதன மோதகமும் காலைக் குளிசையும்

நான் சோம்பேறி இல்லை என்பது நாற்பது வயதை நெருங்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அதுவரை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வேலைசெய்த இடங்களிலும் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவந்ததை நானும் நம்பியிருந்தேன். கண்டியில் ஒரு மனநல வைத்தியர், என்னைவிட இளைய சிங்களப் பெண், நீண்ட நேரம் கேள்வி கேட்டுவிட்டு, இது கவனச் சிதறல் கோளாறு, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றார். அப்படியானால் அவர்களுக்கும் அதே கோளாறா என்று கேட்க நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

காலையில் போடச் சொல்லி ஒரு குளிசை எழுதித் தந்தார். மூளையைத் தட்டி எழுப்பி ஒரே இடத்தில் உட்காரவைக்கும் ஊக்க மருந்து அது. அந்த முதல் வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குஷியாக இருக்கிறது. சாவியை வைத்த இடத்தில் சாவி இருந்தது! குளிக்கப் போனவள் குளித்துவிட்டு வந்தேன், நடுவில் அலுமாரி அடுக்கவில்லை. மாத்தளையில் ஓர் அரச கந்தோரில் நான் மொழிபெயர்ப்பாளர். முன்பெல்லாம் சிங்களத்தில் வரும் சுற்றறிக்கை என் மேசையிலேயே கிடந்து பழசாகி, அதை ரத்துச் செய்யும் அடுத்த சுற்றறிக்கையும் வந்துவிடும். நான் ரத்தை மட்டும் தமிழில் எழுதிக் கொடுப்பேன். இப்போது காலையில் வந்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னே முடிந்தது. எங்கள் கந்தோர்த் தலைவியை எல்லாரும் மேடம் என்போம். அவர் ஒருநாள் என் மேசைக்கு வந்து, வெறுமையாகக் கிடந்த கோப்புத் தட்டைப் பார்த்துவிட்டு, உடம்பு ஏதும் சரியில்லையா என்று சிங்களத்தில் விசாரித்தார்.

ஒரே ஒரு பயம்தான் இருந்தது. வைத்தியர் முதல் நாளே சொல்லியிருந்தார்: இந்தக் குளிசை இதயத்தைக் கொஞ்சம் விரட்டும், நெஞ்சு படபடத்தாலோ துடிப்பு எகிறினாலோ நிறுத்திவிட வேண்டியதுதான். அன்றிலிருந்து என் நெஞ்சை நான் வேவு பார்க்கத் தொடங்கினேன். முத்துமாரியம்மன் கோவிலில் நின்று, அம்மாளே, நகையை எடுத்துக்கொள், முடியை எடுத்துக்கொள், குளிசையை மட்டும் எடுத்துவிடாதே என்று கும்பிட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் தொடங்கியதை நானே முடித்துக்கொண்டிருந்தேன். அதை யாராவது பிடுங்கினால் அவர்களைக் கடித்திருப்பேன்.

பசியும் தூக்கமும் மட்டும் போய்விட்டன. சோற்றைப் பார்த்தால் அது யாரோ ஒருவருடைய சோறு மாதிரி இருந்தது. இரவில் கண்ணை மூடினால் உள்ளே டியூப் லைட் எரிந்தது. பாவாடை இடுப்பில் நிற்காமல் அதில் சட்டை ஊசி குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். இதையெல்லாம் பார்த்துக் கவலைப்பட்டவர் என் கணவர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தவர். கணித ஆசிரியராக மாற்றலாகி மாத்தளைக்கு வந்து, இங்கேயே என்னைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். தமிழ்ப் பள்ளிக்கூடம், தமிழ்ப் பிள்ளைகள், தமிழ் பேசும் கடைகள் என்று இருந்ததில் சிங்களம் அவர் நாக்கில் ஏறவே இல்லை. எங்கள் ஊரில் அவரைவிடக் கூச்சமுள்ள ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்துவிட்டது என்று நடத்துநரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்து வருவார். யாழ்ப்பாணத்து வழக்கப்படி என்னை 'நீர்' என்பார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை பஜாருக்குப் போய்வந்து, எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைச் சமையல் மேசையில் வைத்தார். கறுப்பாய், பிசுபிசுப்பாய், நெல்லிக்காய் அளவில் உருண்டைகள். நெய்யும் தேனும் ஏலக்காயும் மணத்தன.

"இது என்னங்க?"

"மதன மோதகம். ஆயுர்வேதக் கடையில வாங்கினனான். பசி எடுக்குமாம், நித்திரையும் வருமாம். இரவில அரை உருண்டை போட்டுப் பாரும்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இந்த ஊர்க் கடைத்தெருவில் மதன மோதகம் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று தெரியாத பொம்பிளை கிடையாது. புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள் கடைக்காரரின் முகத்தைப் பாராமல் கேட்டு வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு போகும் சாமான் அது. அதில் வேறென்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. பெயரே போதுமான அளவு வெட்கமாக இருந்ததால் உள்ளே என்ன சேர்ப்பார்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை. பொட்டலத்தைக் கோதுமை மாத் தகரப் பேணிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இரவு அரை உருண்டையை வாயில் போட்டேன். பிறகு மீன்கறியோடு சோறு தின்று, இன்னொரு தடவை சோறு போட்டுத் தின்று, காலைவரை அசையாமல் தூங்கினேன்.

என்ன சொல்ல! சொர்க்கம்தான். பகலில் குளிசை என்னைத் தூக்கி நிறுத்தியது, இரவில் மோதகம் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. நடுவில் நான் ராசாத்தி மாதிரி இருந்தேன். ஊசியும் இடுப்பிலிருந்து போயிற்று. மாதாந்தப் பரிசோதனைக்குக் கண்டி போனபோது வைத்தியர், வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். அதைப் பொய்யென்று நான் நினைக்கவில்லை. எங்களுக்கு மருந்து என்றால் டொக்டர் எழுதித் தருவது. லேகியம், கசாயம், சூரணம் எல்லாம் கொத்தமல்லித் தண்ணீரோடு சேர்த்தி, அவை யாருடைய கணக்கிலும் வராது. அதோடு மதன மோதகம் என்ற சொல்லை அந்தச் சின்னப் பெண்ணின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? நாடித் துடிப்பு போன தடவையைவிடக் கூடியிருக்கிறதே என்றார். பஸ்ஸில் மாத்தளையிலிருந்து நின்றுகொண்டே வந்தேன் டொக்டர் என்றேன். அது உண்மைதான்.

குரங்குக் கூட்டம் நடக்கும் நாள் வந்தது. குரங்குகள் நடத்திய கூட்டம் இல்லை, குரங்குகளைப் பற்றிய கூட்டம். தோட்டங்களில் தேங்காய், பலா, கொக்கோ எதையும் மிச்சம் வைக்காமல் குரங்குகள் அழிக்கின்றன என்று உக்குவளைப் பக்கத்திலிருந்தும் எல்கடுவப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் முறைப்பாடு கொடுத்து, அதிகாரிகள் எல்லாரும் எங்கள் மண்டபத்துக்கு வருவதாக இருந்தது. மைக்கைப் பிடித்துத் தமிழைச் சிங்களமாகவும் சிங்களத்தைத் தமிழாகவும் ஆக்கிக்கொண்டே இருப்பது என் பொறுப்பு. இவ்வளவு பெரிய கூட்டத்தை மேடம் என்னை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல்முறை.

காலையில் குளிசையைப் போட்டுவிட்டேன். பதற்றத்தில் இடியப்பம் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

"வெறும் வயித்தோட போகாதேயும். அரை உருண்டை போடும், பசிக்கும்" என்றார் கணவர்.

பகலில் அதைச் சாப்பிட்டதே இல்லை. சரியென்று அரையைப் போட்டேன். ஒன்றும் செய்யவில்லை. மற்ற அரையைத் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தேன். அப்போதும் பசி இல்லை, ஒன்றும் இல்லை, தலை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. உருண்டை பழசாகி வேகம் போய்விட்டதாக்கும் என்று மற்ற அரையையும் வாயில் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன்.

தொடக்கம் பிரமாதமாகப் போயிற்று. உக்குவளையிலிருந்து வந்திருந்த மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் எழுந்தார். வெள்ளைத் தொப்பி, வயசான முஸ்லிம் மனிதர், எல்லாரும் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டார்கள்.

"மிஸ், நான் பலா மரத்துக்குக் காவலுக்கு ஒரு நாயக் கட்டினேன். இப்ப அந்த நாய்க்குப் பேன் பாக்குறதே கொரங்குதான். ரெண்டு பேரும் கூட்டாளியாப் போய்ட்டாங்க."

அதைச் சிங்களத்தில் சொல்லும்போது எனக்குள் எங்கோ ஒரு கிச்சுக்கிச்சு மூட்டியது போல இருந்தது. மண்டபம் சிரித்தது. அவர்கள் நிறுத்தினார்கள், நான் நிறுத்தவில்லை. அடுத்து ஓர் அதிகாரி எழுந்து, முதலில் குரங்குகளின் தொகையைக் கணக்கெடுக்க வேண்டும் என்று மிக மரியாதையாகச் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், "கணக்கெடுக்க வரும்போது அதுங்க வரிசையில நிக்குமா, இல்ல நாங்க புடிச்சு நிறுத்தணுமா?" என்று சொந்தச் சந்தேகம் ஒன்றையும் சேர்த்தேன். கைதட்டல் எழும்பியது. எனக்கு அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றாகத் தனித்தனியே கேட்டது. இவ்வளவு அழகான சத்தத்தை இத்தனை வருடமாக எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று வியந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். எல்கடுவத் தோட்டத்து அக்கா ஒருவர் தமிழில் பேசியதை நான் தமிழிலேயே மொழிபெயர்த்தேனாம். அவரும், "ஆமாங்க, அதத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டாராம். ஒருவர் இருமியதை இரண்டு மொழியிலும் இருமிக் காட்டினேனாம். மேடம் கண்ணால் எச்சரித்தார், நான் அந்தக் கண்ணையும் மொழிபெயர்த்து, "மேடம் கோவமா இருக்காங்க" என்று மைக்கில் அறிவித்தேனாம்.

பிறகு நெஞ்சு தொடங்கியது. முதலில் யாரோ மேடையின் பலகையைக் கீழிருந்து தட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். தட்டுவது என் விலா எலும்புக்குள் என்று புரிந்தபோது வாய் காய்ந்து, விரல் நுனிகள் குளிர்ந்து, மண்டபம் தள்ளித் தள்ளிப் போயிற்று. சாகப் போகிறேன் என்று நிச்சயமாக நம்பினேன். வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. மேடமும் நானாவும் என்னைப் பிடித்து இறக்கி, கந்தோர் வாகனத்தில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக் கட்டிலில் போட்டு, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இயந்திரம் நிறுத்தாமல் கீச்சிட்டது. இளம் சிங்கள டொக்டர் ஒருவர் குனிந்து என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். குளிசையின் பெயரைச் சொன்னேன். வேறு? வேறு ஒன்றும் இல்லை என்றேன், பழக்கதோஷத்தில். அவர் நிமிர்ந்து, அப்படியானால் இந்தக் குளிசைதான் வேலையைக் காட்டியிருக்கிறது, இனி இதைத் தொடக்கூடாது, நான் அப்படியே எழுதி அனுப்புகிறேன் என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றது. சாவுக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகமாகப் பயந்தேன். திரும்பவும் சாவி தேடும் வாழ்க்கை, திரும்பவும் பழசாகும் சுற்றறிக்கைகள், திரும்பவும் அந்தப் பழைய நான். "வேணாம் டொக்டர், அத எடுத்துடாதீங்க" என்று தமிழில் அழுதேன். அவருக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தார், கைநிறைய சோக்குத்தூள். கட்டிலைச் சுற்றி மேடம், நானா, தாதி, அடுத்த கட்டில்களைப் பார்க்க வந்த சனம். டொக்டர் சொன்னதை மேடம் கைச்சாடையோடு அவருக்கு எளிய சிங்களத்தில் சொன்னார். குளிசையை நிறுத்துகிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அழுவதைப் பார்த்தார். பிறகு அவர் வாழ்க்கையில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார்: அவ்வளவு பேருக்கும் நடுவில் குரலை உயர்த்தினார்.

"டொக்டர், குளிசையில பிழையில்ல. நான்தான் பிழை."

டொக்டர் யாராவது மொழிபெயர்க்க மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். நானா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"நீங்க இருங்க நானா" என்றேன் படுத்தபடியே. "இது என் வேல."

அரைப் போதையிலும் தொழில் கர்வம் போகவில்லை. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், அவர் சொல்கிறார் இவர் சொல்கிறார் என்று தள்ளி நிற்கக்கூடாது. அப்படியே தொடங்கினேன்.

"நான் மனுசிக்கு மதன மோதகம் வாங்கிக் குடுத்தனான்" என்றார் அவர். நான் என் மனைவிக்கு மதன மோதகம் வாங்கிக் கொடுத்தேன் என்றேன் சிங்களத்தில், உரத்த குரலில். தாதி தலையைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நானா கூரையைப் பார்த்தார். எனக்கு மறுபடியும் சிரிப்புப் பொங்கியது.

"அதுக்குள்ள கஞ்சா கிடக்குதெண்டு கடைக்காரர் சொன்னவர். நான் அவவுக்குச் சொல்லேல்ல."

இதைப் பாதி மொழிபெயர்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கஞ்சா! தெரிந்தே எனக்குக் கொடுத்திருக்கிறார்! கட்டிலிலிருந்து எழும்பி ஒன்று வைக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. ஒயர்கள் பிடித்து இழுத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கியத்தை முடித்தேன்.

"பசிக்கும் நித்திரைக்கும் எண்டுதான் சொல்லிக் குடுத்தனான். ஆனா அதுக்காக மட்டும் வாங்கேல்ல. இந்தக் குளிசை தொடங்கின பிறகு இவ எல்லா வேலையும் முடிக்கிறா. சிரிக்கிறேல்ல. முந்தி அடுப்பில சோறு கருக விட்டிட்டு நிண்டு எனக்குக் கதை சொல்லிச் சிரிப்பா. கடைக்காரர் இது சந்தோசத்துக்கும் நல்லது எண்டார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேக்க வேணும் போல இருந்தது."

சிங்களத்தில் அதைச் சொல்லத் தொடங்கினேன். என் மனைவி எல்லா வேலையும் முடிக்கிறாள் என்றேன். என் மனைவி சிரிப்பதில்லை என்றேன். என் மனைவியின் சிரிப்பைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது என்று என் வாயால் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எத்தனை மாதமாக இவர் வீட்டுக்குள் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார், நான் சுற்றறிக்கை முடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மேடம் என் காலைத் தட்டிக்கொடுத்தார்.

டொக்டர் மட்டும் இளகவில்லை, திட்டினார். கஞ்சாவும் இதயத்தை விரட்டும், இந்தக் குளிசையும் விரட்டும், இரண்டும் சேர்ந்து விரட்டினால் அது எங்கே ஓடும் என்று கேட்டார். தின்ற கஞ்சா மெதுவாகத்தான் ஏறும், குளிசை விழிப்பாக வைத்திருப்பதால் ஏறியதும் தெரியாது, தெரியாததால் மேலே மேலே போடுவீர்கள், இதயத்தில் முன்பே ஏதாவது பழுது இருந்திருந்தால் இன்று மொழிபெயர்க்க நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள் என்றார். இதை நான் கணவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். துடிப்பு அடங்கும்வரை என்னை வைத்திருந்து பொழுதுபடும் நேரத்தில் அனுப்பினார்கள். குளிசையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லி, மற்றதைக் கண்டி வைத்தியர் தீர்மானிக்கட்டும் என்றார் டொக்டர்.

அந்த வாரமே கண்டிக்குப் போனோம், இந்தமுறை இரண்டு பேரும். மோதகத்தை, அவர் அதை வாங்கிய காரணத்தை, அரை உருண்டைகளை, பஸ்ஸில் நின்று வந்த கதையை எல்லாம் ஒப்புவித்தேன். வைத்தியர் முழுவதையும் கேட்டு முடித்தார். லேகியமும் மருந்துதான், கடையில் வாங்கினாலும் மருந்துதான், அதையும் இதையும் இனி ஒருநாளும் சேர்க்கக்கூடாது என்றார். ஈ.சி.ஜி.யைப் பார்த்தார், நாடி பார்த்தார். பிறகு, வீட்டில் சிரிப்பு குறைந்தது உண்மையா என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். வேலை முடிகிறதே, அதைத்தான் பார்த்தேன்.

குளிசையின் அளவு கூடினால் அப்படியும் ஆகலாம் என்றார் அவர். குளிசையை விட வேண்டியதில்லை, ஆனால் அளவைக் குறைத்துத் தொடங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டார். குறைத்தால் வேலைகள் திரும்பவும் பாதியில் நிற்குமா என்றேன். கொஞ்சம் நிற்கத்தான் செய்யும் என்றார்.

பக்கத்தில் கணவர் முழங்கையால் மெல்ல இடித்தார்.

"என்னவாம்?"

"குளிசைய எடுக்கலியாம். கொறைச்சுத் தாறாங்களாம். கொறைச்சா கொஞ்ச வேலைங்க பாதியில கெடக்குமாம்."

"கிடக்கட்டும்" என்றார் அவர்.

அதையே என் பதிலாக வைத்தியருக்குச் சிங்களத்தில் சொன்னேன்.